இடது கைக்கும் ஒரு வேலை

கண்ணாடி மேசையின் மேல் மூன்று கருவிகள் இருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் லீஸ் என்ற பெண் நின்றாள். என்னுடைய வயதுதான் இருக்கும். நரைத்த தலைமுடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தாள். இந்தப் பக்கம் நாற்காலியில் என் கணவர் யோகன். அவருடைய இடது கை மடியில் அசையாமல் கிடந்தது.

லீஸ் முதலாவது கருவியைக் கையில் எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, தன் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இனி எனக்கும் ஒரு கைதான். எது சரிவரும் என்று பார்ப்போம்," என்றாள் பிரெஞ்சில்.

நான் அதைத் தமிழில் சொல்லவேண்டியிருக்கவில்லை. யோகன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அது மொன்றியல் தீவின் கிழக்குப் பக்கம், துறைமுகத்தையும் தாண்டி, வேட்டைக்காரர்களுக்கான ஒரு கடை. ரப்பர் சப்பாத்து மணமும் எண்ணெய் மணமும் பழைய கோப்பி மணமும் கலந்து அடித்தன. வெளியே பனி உருகிக் கறுத்துப்போய்க் கிடந்தது. கொள்கலன் ஏற்றிய பார ஊர்திகள் போகும்போது கடையின் கண்ணாடி மெல்ல அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் நான் என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் யார் என்று தெரியும். மன்னாரில் பிறந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கார்தெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் செய்கிறவள். கரட் அவிப்பதைப் பற்றியும் பெரிய பெட்டியடுப்புகளைப் பற்றியும் எத்தனையோ வாரம் எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவள், துப்பாக்கி ரவையை வீட்டில் செய்வதற்கு எந்தக் கருவி நல்லது என்று பார்க்க ஒரு கடைக்குள் நின்றேன் என்றால், அது எப்படி என்று சொல்லத்தான் வேண்டும்.

த்ரீ நாட் த்ரீ

யோகன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி ரெஜான். ஆறடிக்கு மேலே உயரம், அதற்கேற்ற வயிறு, ஆனால் குரல் மட்டும் மெல்லிசு. இவர் பெட்டி அடுக்க, அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிடுவார்கள். யோகனுக்குப் பிரெஞ்சு குறைவு, ரெஜானுக்கு ஆங்கிலம் குறைவு. இருந்தும் எப்படியோ கதைத்து முடிப்பார்கள்.

ரெஜான் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர். ஒரு வருசம் யோகனையும் கூட்டிக்கொண்டு போனார். துப்பாக்கி தொடவில்லை, சும்மா கூட இருந்ததுதான். திரும்பி வந்த அன்று இவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் அப்படியே நித்திரையாகிப் போனார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து நான் பார்த்திராத நித்திரை.

மறுநாள் கேட்டேன், "அப்படி என்ன இருக்கு அந்தக் காட்டுக்குள்ள?"

"ஒண்டும் இல்லை," என்றார். "அங்க ஒருத்தரும் என்னை எங்க இருந்து வந்தனி எண்டு கேக்கேல்லை. அவ்வளவுதான்."

அடுத்த வருசம் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். இந்த நாட்டில் அந்த விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தையும் கேட்பார்கள். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கனநேரம் இருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெடிச் சத்தம் எனக்கு ஆகாது. கோடை காலத்தில் ஆற்றுப் பக்கம் வாணவேடிக்கை விடுவார்கள். ஊரே பார்க்கப் போகும். நான் யன்னல்களைச் சாத்திவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுவேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். ஏன் என்று இங்கே நான் விரிக்கவில்லை. மன்னாரில் இருந்து அந்தக் காலத்தில் வந்தவர்களுக்கு விளங்கும். மற்றவர்கள், ஒரு கோவிலுக்குள் நிறையச் சனம், வெளியே சத்தம், உள்ளே ஒருவரும் அழாத அமைதி என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இருந்தும் கையெழுத்துப் போட்டேன். அந்த நித்திரைக்காகத்தான் போட்டேன்.

ரெஜான் தன் தகப்பனின் பழைய துப்பாக்கியை யோகனுக்குக் கொடுத்தார். மரப்பிடி, அகலமான தோல் வார். அது என்ன துப்பாக்கி என்று கேட்டதற்கு இவர், "த்ரீ நாட் த்ரீ," என்றார்.

எனக்குத் திடுக்கிட்டது. சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர்கள் வைத்திருந்தது அதைத்தான். தேத்தண்ணிக் கடைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, சீனியைக் கையில் கொட்டி நக்கிக்கொண்டே பால் இல்லாத பிளேன்ரீ குடிப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் நாங்கள் சுவர்ப் பக்கம் பார்க்காமல் போவோம். அதே சாமான் கடல் தாண்டி, கியூபெக் விவசாயி ஒருவர் கையில் மான் சுட்டு, கடைசியில் என் புருசனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

நல்ல காலம், அது எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்களுடையது மூண்டரை வீடு. இங்கே வீட்டை அப்படித்தான் சொல்வார்கள், குளியலறை அரை என்று கணக்கு. துப்பாக்கியைப் பூட்டி வைக்க அதில் இடமில்லை. தீவின் மேற்குக் கோடியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ரெஜானுடைய வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் அது இருந்தது. இறைச்சி மட்டும் எங்களிடம் வந்தது. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டல் கறி வைப்பேன். ரெஜான் வந்து கையால் சாப்பிடுவார். மூக்கால் தண்ணீர் ஓடும், துடைத்துத் துடைத்து இன்னும் கேட்பார்.

த்ரீ நாட் த்ரீக்கு ரவை இப்போது கடைகளில் இலேசில் கிடைப்பதில்லை. அதனால் ரெஜான் சுட்ட ரவைகளின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வைத்து, தானே திரும்பச் செய்வார். பித்தளைக் கோதைத் துடைத்து, அச்சுக்குள் கொடுத்து அளவுக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தும் சன்னம் என்கிற குண்டும் வைப்பது. மாசி, பங்குனி மாதங்களில் வேட்டையும் இல்லை, தோட்டமும் இல்லை. அப்போது இரண்டு பேரும் ரெஜானின் பின்வளவுக் கொட்டிலில் இருந்து அந்த வேலையைச் செய்வார்கள். அங்கே வாங்குப் பலகையில் திருகாணி போட்டு முடுக்கிய, கோதை அச்சுக்குள் அழுத்தும் பெரிய இரும்புப் பிரெஸ் ஒன்று உண்டு. யோகன் வீட்டுக்கு வரும்போது விரல்களில் பித்தளை மணக்கும்.

"நான் என்ன கார்தெரிப் பிள்ளையே?"

ஒரு தை மாதக் காலை. தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே விட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றது.

அம்புலன்ஸ்காரர்கள் எங்கள் வெளிப்படிக்கட்டில் உறைந்திருந்த பனியைக் காலால் உதைத்து உடைத்து, அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நானும் பின்னால் ஓடி ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்து ரெஜானுக்குப் போன் அடித்தேன். அவர் வந்து என் பக்கத்தில் இருந்தார்.  கொஞ்ச நேரத்தில் என் காலைப் பார்த்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தேன், காலுறைகூட இல்லை. எழும்பிப் போனவர் ஒரு சோடி பனிச் சப்பாத்தோடு திரும்பி வந்தார். எங்கே வாங்கினாரோ, என்னுடைய காலுக்கு மிகவும் பெரிசு. முழங்காலில் இருந்துகொண்டு தானே போட்டுவிட்டார். என் அண்ணன்மார்கூட அப்படிச் செய்ததில்லை.

பாரிசவாதம் என்றார்கள். யோகன் தப்பிவிட்டார். பேச்சு திரும்பிவிட்டது. கால் கொஞ்சம் இழுத்தாலும் தடியோடு நடந்தார். இடது கை மட்டும் வரவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுத்தவர் ஹெயிட்டி நாட்டைச் சேர்ந்த இளம் பெண். பொறுமையானவர். பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்வார். பச்சைக் களியைப் பிசையச் சொல்வார். இவர் இரண்டு மூன்று தரம் செய்தார். பிறகு கையை மடியில் போட்டுவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"செய்யுங்கோவன்," என்றேன்.

"நான் என்ன கார்தெரிப் பிள்ளையே?"

என்னைப் பயப்படுத்தியது அவருடைய கோபம் அல்ல. கோபம் எப்போதாவதுதான் வந்தது. மற்ற நேரமெல்லாம் ஒன்றும் இல்லை. சோறா புட்டா என்று கேட்டால், "எதெண்டாலும்." போட இந்தச் சேட்டா அந்தச் சேட்டா, "எதெண்டாலும்." கோவிலுக்குப் போவமா, "உம்மட விருப்பம்." வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான். முன்பெல்லாம் வாழைக்காய் வாங்கினால்கூட, ஏன் இதை எடுத்தனீர் என்று விசாரணை வைக்கிற மனுசன் அவர்.

கை திரும்புவதென்றால் இந்த மாதங்களில்தான் திரும்பும், விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்று அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு உள்ளே வந்து, யோகனிடம் கேட்டார்: "உங்கள் கைகளால் செய்து, உங்களுக்குப் பிடித்த வேலை என்ன?"

இவர் திரும்ப யன்னலைப் பார்த்தார். அன்று வண்டியில் கொண்டுவந்து விட்டது ரெஜான். வாசலோரம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இந்த மாதத்தில் நாங்கள் வழக்கமாக ரவை செய்வோம்," என்றார்.

அந்தப் பெண் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என்னென்ன செய்வீர்கள்? செய்து காட்டுங்கள்," என்றார். ரெஜான் காற்றிலே செய்து காட்டினார். கோதை விரலால் எடுப்பது, வைப்பது, நெம்புகோலை இழுப்பது, திரும்ப எடுப்பது. பயிற்சிப் பெண் கவனமாகப் பார்த்தார்.

"நல்ல பயிற்சி. தினமும் வீட்டில் செய்யமுடியுமா?"

"என்ர வீட்டுக்குள்ளயோ?" என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை, யோகனைத் தவிர. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கன நாளைக்குப் பிறகு அந்தக் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. என் பதிலைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது.

நான் ரெஜானிடம் சொன்னேன், "வெறும் கோது மட்டும். ஒரு சொட்டு வெடிமருந்தும் என் வாசற்படி ஏறக்கூடாது. செய்து முடித்த ரவை ஒன்றுகூட வரக்கூடாது."

"மருந்தும் சன்னமும் என் கொட்டிலில்தான். அதை நான் மட்டும் செய்வேன்," என்றார் ரெஜான். கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார். இன்றுவரை அந்தச் சொல் மாறவில்லை.

பாக்குவெட்டியும் சுத்தியலும்

அப்படித்தான் ரெஜானையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தோம். ரெஜானின் பெரிய பிரெஸ் எங்களுக்குச் சரிவராது. அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். எங்களுக்குத் தேவையானது சமையல் மேசையில் வைக்கக்கூடியது, வேலை முடிந்ததும் எடுத்து அலுமாரிக்குள் வைக்கக்கூடியது, சனிக்கிழமைகளில் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ரெஜான் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடியது. மின்சாரம் வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, சத்தம் கூடாது.

இதையெல்லாம் நான்தான் லீஸிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "வழக்கமாகக் காட்டுக்குள் கொண்டுபோகத்தான் கேட்பார்கள். மூன்றாவது மாடிச் சமையலறைக்கு என்று முதல் தரம் கேட்கிறார்கள்," என்றாள்.

கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவள் முதலில் எடுத்தது ஒரு கைப்பிரெஸ். இரண்டு நீண்ட கைப்பிடிகள், நடுவே கோது வைக்க ஒரு வாய். பார்க்க அசல் பாக்குவெட்டிதான், பெரிய சைஸ். மேசையே வேண்டாம், நாற்காலியில் இருந்துகொண்டே இரண்டு கையாலும் நெரிக்கலாம்.

"அதிகம் விற்பது இதுதான்," என்று ஒரு பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, மற்றதை வலது கையால் அழுத்தினாள். கருவி வழுக்கியது. திரும்பப் பிடித்து அழுத்தினாள். முகம் சிவந்துபோனது. "முடியும். ஆனால் பத்தாவது கோதுக்குள் எனக்கு இதன்மேல் வெறுப்பு வந்துவிடும்."

யோகன் கையை நீட்டினார். தானும் பார்க்கவேண்டுமாம். ஒரு பிடியைத் தொடைகளுக்கு இடையில் கொடுத்து அழுத்தினார். அது துள்ளி நிலத்தில் விழுந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. இவர் முகம் இருண்டு போகும், போவம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். லீஸ் குனிந்து எடுத்து, "எனக்கும் இப்படித்தான் விழுந்திருக்கும், இடுப்பு அகலமாக இருந்ததால் தப்பியது," என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சிரிப்புக்குப் பக்கத்துச் சத்தம்.

இரண்டாவது, ஒரு சின்னப் பெட்டி. சட்டைப் பைக்குள் போகும். அதற்குள் ஒரு உருளை அச்சும் சில குச்சிகளும். கோதை அச்சுக்குள் வைத்து, மரச் சுத்தியலால் அடித்து இறக்குவது. இதைவிடச் சின்னதாக ஒன்றும் கிடையாது, ரெஜானின் தகப்பன்கூட இப்படி ஒன்றுதான் வைத்திருந்தாராம். லீஸ் ஒரு கோதை வைத்து ஒரு அடி அடித்தாள்.

டங்.

நான் பின்னால் ஒரு அடி வைத்துவிட்டேன். யோகன் அதைக் கண்டார்.

"இது வேண்டாம்," என்றார்.

"கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கு," என்று நான் லீஸிடம் சமாளித்தேன். அதுவும் உண்மைதான்.

"குழந்தைக்காக இல்லை," என்றார் யோகன், தன் உடைந்த பிரெஞ்சில், நேரே லீஸைப் பார்த்து. "என் மனைவிக்கு."

லீஸ் என்னைப் பார்த்தாள்.  சுத்தியலை மேசைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தாள். கேள்வி கேட்காமல் ஒரு பொருளை அப்புறப்படுத்தத் தெரிந்த மனிதர்களை நான் வாழ்க்கையில் மறப்பதில்லை.

மூன்றாவது, ஒரு சின்னப் பிரெஸ். அலுமினியத்தில் செய்தது, வாய் திறந்த வளையம் மாதிரி உருவம், பக்கத்தில் ஒரு நெம்புகோல். கீழே தண்டின் தலையில் கோதைச் செருகிவிட்டு நெம்புகோலை இழுத்தால், கோது மேலே போய் அச்சுக்குள் நுழையும். விட்டால் இறங்கும். சத்தமே இல்லை, எண்ணெய் போட்ட கதவு மாதிரி. பாரமும் இல்லை, ஆனால் எங்கேயாவது முடுக்கி வைக்கவேண்டும்.

"ஒரு பலகையில் முடுக்கிவிட்டு, பலகையைக் கிளாம்ப் என்கிற இறுக்கியால் மேசையோடு பூட்டலாம். வேலை முடிந்ததும் இறுக்கியைக் கழற்றினால் சரி," என்றார் ரெஜான். "பலகை நான் செய்து தருகிறேன்."

லீஸ் ஒற்றைக் கையால் செய்து காட்டினாள். வலது கையால் கோதைச் செருகி, அதே கையால் நெம்புகோலை இழுத்து, அதே கையால் கோதை எடுத்து. இலேசாக முடிந்தது. "இதுதான். இடது கை தேவையே இல்லை," என்று வெற்றியோடு சொன்னாள்.

எனக்குப் பெரிய நிம்மதி. "இதையே எடுப்பம்," என்றேன்.

யோகன் தலையை ஆட்டினார். "அப்பிடி இல்லை."

"வேற என்ன?"

"சாமான் இதுதான். ஆனா செய்யிற விதம் அது இல்லை." தடியைச் சாத்திவிட்டு எழும்பி மேசைக்குக் கிட்டப் போனார். வலது கையை நெம்புகோலில் வைத்தார். "இந்தக் கை இதிலேயே நிக்கும். கோது வைக்கிறது மற்றது." வலது கையால் தன் இடது கையைத் தூக்கி, ஏதோ பறவையை வைப்பதுபோல மேசையில் வைத்தார். "இடது கைக்கும் ஒரு வேலை இருக்கவேணும். இல்லாட்டி அது இப்பிடியேதான் கிடக்கும்."

நான் அதை லீஸுக்குச் சொன்னேன்.  அந்த வருசம் அவர் தானாகத் தெரிவு செய்த முதலாவது விசயம் அது.

லீஸ் தன் இடது கையைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள்.

தராசும் ஒன்று எடுத்தோம், ரெஜானின் கொட்டிலுக்கு. மின்தராசு குளிருக்குள் ஆடும் என்று, கையால் நகர்த்தும் எடை வைத்த பழைய மாதிரித் தராசையே ரெஜான் தெரிவு செய்தார், நகைக்கடையில் இருப்பதுபோல. மருந்து அளவெல்லாம் அவர் புத்தகத்தைப் பார்த்து இரண்டு தரம் நிறுக்கிற விசயம். அதைப் பற்றி எழுத எனக்கு அறிவும் இல்லை, ஆசையும் இல்லை.

சமையல் மேசை

ரெஜான் மேப்பிள் பலகை ஒன்று சீவிக்கொண்டு வந்தார். விளிம்பெல்லாம் உருட்டி, கை படும் இடத்தில் அரத்தாள் போட்டுப் பட்டுப்போல ஆக்கியிருந்தார்.

ரொறன்ரோவில் வேலை செய்யும் எங்கள் மகள் அனிற்றா வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் மேசையில் இருந்த பிரெஸ்ஸைப் பார்த்துவிட்டு, "அம்மா, அது என்ன? இடியப்ப மெஷினா?" என்றாள்.

"அப்பா ரவைக் கோது சரிப்படுத்துறார்."

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "நீங்கதான் என்னை விளையாட்டுத் தண்ணித் துவக்கும் வாங்க விடேல்லை!"

"அது வேற, இது வேற," என்றேன். 

வேலை சுலபம் இல்லை. முதல் நாட்களில் கோது இடது கையில் நிற்கவே இல்லை. நிலத்தில் விழுந்து உருண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போகும். நான் தும்புத்தடியோடு குனிந்து கூட்டி எடுப்பேன். கூம்பைப் பிடிக்கமாட்டேன் என்ற மனுசன், கோதைத் திரும்பத் திரும்பப் பிடித்தார். பிடிப்பது மெல்ல மெல்ல வந்தது. வராதது விடுவது. விரல் மூடினால் திறக்காது. "விடு, விடு," என்று தன் கைக்குத் தானே சொல்வார். மூடிய கையைத் திறப்பதுதான் கடைசியாக வரும் என்று பயிற்சிப் பெண் முன்பே சொல்லியிருந்தார்.

ஒரு நாள் எண்ணெய் சரியாகப் பூசாமல் ஒரு கோது அச்சுக்குள் இறுகிவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. இவர் நெம்புகோலை இழுத்து இழுத்து வேர்த்துப்போனார். பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர்.

"தூக்கி எறியும் இதை. என்னால ஏலாது."

நான் எறியவில்லை. பக்கத்தில் இருந்தேன். "சோறா, புட்டா?" என்று கேட்டேன்.

மேசைக்குள்ளிருந்து குரல் வந்தது: "புட்டு. கத்தரிக்காய்ப் பொரியலும்."

நான் எழும்பிப்போய் மாவை எடுத்தேன். எதெண்டாலும் என்று அவர் சொல்லவில்லை. மா குழைக்கும்போது எனக்கும் கண் நிறைந்து போயிருந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக.

இறுகின கோதை அந்தச் சனிக்கிழமை ரெஜான் கழற்றித் தந்தார். நாங்கள் பலகையும் பிரெஸ்ஸுமாக மெட்ரோவிலும் பஸ்ஸிலும் போனோம். மெட்ரோவில் ஒரு மனிசி, அது என்ன, தையல் மெஷினா என்று கேட்டார். யோகன் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்.

வசந்தம் முடிந்து கோடை வந்தது. இடது கை கோதைப் பிடித்து, செருகி, கொஞ்சம் யோசித்து, விடத் தொடங்கியது. சேட்டின் கீழ்ப் பொத்தானைத் தானே போட்டார். பயிற்சிப் பெண் ஒரு நாள், பித்தளைக் கோது ஒன்று தனக்கும் வேண்டும், மற்ற நோயாளிகளுக்குக் காட்ட என்று கேட்டு வாங்கினார். இவருக்கு அன்று நடையே வேறு.

பண்ணையில்

அந்த இலையுதிர் காலம், வேட்டை தொடங்குவதற்கு முன், ரெஜான் எங்களைத் தன் தம்பியின் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். யோகன் வீட்டில் சரிப்படுத்திய கோதுகளுக்கு ரெஜான் மருந்தும் சன்னமும் வைத்து முடித்திருந்தார். சுட்டுப் பார்க்கவேண்டும். யோகனுக்குச் சுட டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. அதனால் ரெஜான்தான் சுடுவார், இவர் பார்ப்பார்.

நான் காருக்குள்ளேயே இருப்பது என்று ஏற்பாடு. கண்ணாடியை ஏற்றி, வானொலியை உரக்க வைத்துவிட்டார் ரெஜான். வெட்டின சோள வயல், முடிவில் ஒரு மண்மேடு, அதன் முன்னால் அட்டை. அவர் குனிந்து ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். யோகன் வலது கையில் தடியோடு நின்றார். காற்றுக்கு அவருடைய மேலங்கி அடித்துக்கொண்டிருந்தது. தனியாக நின்றார்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

"என்னத்துக்கு வாறீர்? உள்ளுக்கு இரும்," என்றார்.

"நிண்டு பாக்கிறன்."

அவர் வற்புறுத்தவில்லை. ரெஜான் ஓடிவந்து, காதுமூடி ஒன்றை என் தலையில் மாட்டி, காதோடு ஒட்ட அமத்திவிட்டார். உலகம் பஞ்சுக்குள் போய்விட்டது. நான் யோகனின் இடப்பக்கம் போய் நின்றேன். ரெஜான் படுத்துக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி, சுடப்போகிறேன் என்று காட்டினார்.

நான் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது அந்தக் கை.

சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்சில் வந்தது. மண்மேட்டில் கொஞ்சம் புழுதி எழும்பியது. பிறகு அதுவும் அடங்கியது. வயல் அப்படியே இருந்தது. நானும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்போதுதான் விரல்கள் வலிப்பது தெரிந்தது. பார்த்தால், என் கையை அந்தக் கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மோதிரம் அழுந்துகிற பிடி.

"விடுங்கோ, நோகுது," என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. என்னுடைய காதுமூடியையும் அவருடையதையும் ஒரு பக்கம் தூக்கித் திரும்பச் சொன்னேன்.

அவர் குனிந்து எங்கள் கைகளைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"விடத்தான் பாக்கிறன்," என்றார். "விரல் சொல்லுக் கேக்குதில்லை. கொஞ்சம் பொறும்."

ரெஜான் எழும்பி முழங்காலில் இருந்துகொண்டு திரும்பிப் பார்த்தார். ரவை நன்றாக வேலை செய்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்ததைச் சுடட்டுமா, உங்களுக்குப் பரவாயில்லையா என்று சைகையால் என்னைக் கேட்டார்.

நான் சும்மா இருந்த கையால் காதுமூடியைச் சரிசெய்துகொண்டேன்.

"சுடுங்கள்," என்று கத்தினேன். "நாங்கள் இப்படியே நிற்கிறோம்."